பைதனில் கட்டளைவரி ஆர்கியுமென்ட்களை வாங்க சிஸ்.ஆர்க்வி போதாதா, ஆர்க்பார்ஸ் படிக்கத்தான் வேண்டுமா?

மட்டக்களப்பிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நெல் கொள்வனவுக் கணக்குக்குப் பைதனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறீர்கள், கோப்பின் பெயரையும் ஈரப்பதனையும் கட்டளைவரியில் வாங்க வேண்டும். நீங்கள் மட்டும் ஓட்டுவதென்றால் சிஸ்.ஆர்க்வி தாராளமாகப் போதும். இன்னொருவர் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அடித்ததைச் சரிபார்த்துப் பிழையையும் எடுத்துச் சொல்லும் ஆர்க்பார்ஸ் தொகுதிக்கு இன்றைக்கே மாறுங்கள்.

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு ஏறக்குறைய இதையே செய்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே அதை ஓட்டுகிறவர் கணக்குப் பார்க்கிற நானா. அவருக்கு நெல் தெரியும், விலை தெரியும். திரையில் ட்ரேஸ்பேக், அதாவது பைதனின் நீண்ட ஆங்கிலப் பிழை அறிக்கை, வந்து விழுந்தால் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தவிர அவர் வேறென்ன செய்வார்? பெரும்போக அறுவடைக் காலத்தில் வாசலில் உழவு இயந்திரங்கள் மூட்டையோடு வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் என்ன பிழை, எப்படித் திருத்துவது என்று புரோகிராமே அவரிடம் சொல்லியாக வேண்டும்.

சிஸ்.ஆர்க்வி தருவது வெறும் சரங்களின், அதாவது எழுத்துத் தொடர்களின், பட்டியல். 0 ஆம் இடத்தில் புரோகிராமின் பெயர், 1 இலிருந்து நாம் அடித்தவை. 14 என்று அடித்தாலும் கிடைப்பது எண் அல்ல, சரம்தான். எதை முதலில் அடிப்பது என்பதையும் ஓட்டுகிறவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். கோப்புக்கு ‘பெரும் போகம்’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தால் அது இரண்டு துண்டாகத்தான் வந்து சேரும். இதில் ஆர்க்பார்ஸும் உதவாது. உங்கள் கோட் தொடங்குமுன்பே துண்டாகிவிடுகிறது. இரட்டை மேற்கோள் குறிக்குள் அடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

ஆர்க்பார்ஸில் எனக்குப் பிடித்தது, ஆர்கியுமென்ட்டின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது. --ஈரம் 14 என்று அடித்தால் பைதன் 3 அதை அப்படியே ஏற்கும். ஹெல்ப் வரிகளையும் தமிழில் எழுதுங்கள். டைப் என்ற இடத்தில் இன்ட் (முழு எண்) என்று மட்டும் போடாமல், நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுங்கள். வந்த சரத்தை அது எண்ணாக மாற்றட்டும். எண்ணாக இல்லாவிட்டாலோ, 0 க்குக் கீழே அல்லது 100 க்கு மேலே போனாலோ, ஆர்கியுமென்ட்டைப்எரர் எழுப்பி, ‘ஈரப்பதனை வீதத்தில் எழுதவும், உதாரணம் 14’ என்று சொல்லட்டும். ஆர்க்பார்ஸ் பயன்பாட்டு வரியையும் அதன் கீழே உங்கள் தமிழ் வசனத்தையும் காட்டிவிட்டு 2 என்ற குறியீட்டோடு நின்றுவிடும். முன்னால் வரும் ‘எரர்’ என்ற சொல் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பரவாயில்லை. அந்த ஒரு தமிழ் வரி வந்த பிறகு நானாவிடமிருந்து படங்கள் வருவது நன்றாகக் குறைந்தது.

ஆர்க்பார்ஸ் 2.7, 3.2 பதிப்புகளிலிருந்தே பைதனோடு சேர்ந்து வருகிறது. ஆலைக் கணினியில் இணையம் இல்லாவிட்டாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இனி, வழக்கமாகக் கால் இடறும் இடங்கள். ஆம், இல்லை என்ற தெரிவுக்கு டைப் என்பதில் பூல் (ட்ரூ, ஃபால்ஸ் வகை) போடாதீர்கள். ‘ஃபால்ஸ்’ என்று அடித்தாலும் அது வெற்றுச் சரம் இல்லையே, ஆகவே ட்ரூ ஆகிவிடும். ஆக்‌ஷன் என்பதில் ஸ்டோர்_ட்ரூ போடுங்கள்; பெயரை அடித்தால் ட்ரூ, அடிக்காவிட்டால் ஃபால்ஸ். அடுத்து, --ஈர என்று பாதி அடித்தாலும் ஆர்க்பார்ஸ் அதை --ஈரம் என்றே எடுத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் பின்னால் அதே எழுத்துகளில் தொடங்கும் இன்னொன்றைச் சேர்த்தால் பழைய கட்டளைகள் நின்றுபோகும். பார்சரை உருவாக்கும்போதே அலவ்_அப்ரெவ் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

கட்டளையை வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பவும் வேண்டாம். இரண்டு சிறு கோடுகளை அது ஒரே நீளக் கோடாக மாற்றிவிடக்கூடும். ஐபோனும் இதைச் செய்யும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆர்க்பார்ஸுக்கோ அது --ஈரம் போன்ற ஓர் ஆப்ஷனாகவே தெரியாது. நோட்பேடில் எழுதி, கோப்பாக அனுப்புங்கள்.

தரவுத்தளக் கடவுச்சொல்லை மட்டும் கட்டளைவரியில் வாங்காதீர்கள். லினக்ஸில் அதே கணினியிலுள்ள மற்றப் பயனர்கள், ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அதைப் பார்க்க முடியும், கட்டளைகளை வாங்கும் ஷெல்லின் வரலாற்றிலும் பதிந்துவிடும். அதற்கு, அடிப்பதைத் திரையில் காட்டாமல் வாங்கும் கெட்பாஸ் பைதனில் இருக்கிறது.