ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அப்பா நன்றாக இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சிறுநீரகம் செயலிழந்து, வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்கிறோம். ரிப்போர்ட் எல்லாம் திருப்தி என்கிறார் டாக்டர். அப்பாவோ, “எதுக்கு எனக்கு இந்த வைத்தியம்?” என்று அடிக்கடி கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: உடனே பதில் சொல்ல வேண்டாம். எதை நினைத்து அப்படிக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். டயாலிசிஸ் முடிந்த பிறகு எழவே விடாத அசதியாக இருக்கலாம். அளந்து குடிக்கும் தண்ணீர், இரவெல்லாம் அரிப்பு, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற எண்ணமாகவும் இருக்கலாம். யூரியா, பொட்டாசியம் அளவுகள் இதையெல்லாம் சொல்லாது. உடலுக்குச் சரியாகவே நடக்கும் சிகிச்சை, அந்த மனிதருக்குத் துன்பமாகிவிடவும் கூடும் என்று எரிக் கேசல் என்ற அமெரிக்க மருத்துவர் 1982-ல் எழுதினார்.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே தங்கியிருக்கும் குழாயைப் பொருத்திய பிறகுதான் வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது சாத்தியமானது. இயந்திரங்கள் சில, நோயாளிகளோ ஏராளம். யாருக்குத் தருவது என்று முடிவெடுக்க ஒரு குழு அமைத்தார்கள்; அதில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்ல. வேலை, குடும்பம், ஊருக்குச் செய்த சேவை என்று எடைபோட்டே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஒருவர் எதற்காக வாழ்கிறார் என்பதை வேறு யாரும் அளக்க முடியாது. டயாலிசிஸ் இல்லாத நாளில் என்ன செய்ய ஆசைப்படுகிறார், எதை இழந்தது அதிகம் உறுத்துகிறது என்று அப்பாவிடமே கேளுங்கள்.

அவர் சொல்வதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், சிகிச்சையே மாறக்கூடும். அசதிதான் காரணம் என்றால், ஒரே தடவையில் நீரை அதிகமாக எடுக்கிறார்களா, ஹீமோகுளோபின் போதுமா என்று பார்க்கலாம். நடமாட்டம் கட்டுப்பட்டதுதான் வருத்தமென்றால், வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸ் அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

மனச்சோர்வு இந்த நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவது. எதிலும் பிடிப்பில்லாமை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தெளிந்த மனதோடு “போதும்” என்றால், அதையும் டாக்டரோடு பேச அவருக்கு உரிமை உண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ உயிர் பிரிந்துவிடும். ஆகவே அவராக ஒரு முறைகூடத் தவறவிடக் கூடாது. வலி, அரிப்பு, மூச்சுத்திணறலைத் தணிக்கும் பாலியேட்டிவ் மருத்துவரை இப்போதே பாருங்கள். டயாலிசிஸோடு சேர்ந்தே அந்தச் சிகிச்சையும் நடக்கும்.