பதில்: கோத்தகிரி அம்மாவுக்கு டயோசிஸ் (திருமண்டல) பத்திரிகை சரியா வரலைன்னா சந்தாவ நிறுத்தலாமா?

ஸ்தோத்திரம் சிஸ்டர். மூணு மாசமா புக் வரல, அதனால சந்தாவ நிறுத்திட்டு அந்தக் காச காணிக்கைப் பெட்டியில போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. காணிக்கை தனியா போடுங்க, ஆனா மாசப் பத்திரிகைக்கு எத்தன பேரு சந்தா கட்டுறாங்கன்னு பாத்துதான் எத்தன காப்பி அடிக்கிறதுன்னே முடிவு பண்ணுவாங்க, பத்து பேரு சந்தாவ நிறுத்தினா அச்சுச் செலவு மீதி பேரு தலையில ஏறும். திருநெல்வேலியில நற்போதகம்ங்கிற டயோசிஸ் பத்திரிகை 1849ல ஆரம்பிச்சது, அதெல்லாம் வீடு வீடா வாங்கிப் படிச்சவங்களாலதான் நிலைச்சு நின்னுச்சு.

மொதல்ல பழைய புக்கோட ரேப்பர் இருந்தா எடுத்துப் பாருங்க. எங்க குன்னூர் வீட்டுக்கு இதே மாதிரி வராம போச்சு, பாத்தா லேபிள்ல பின்கோடு 643101க்கு பதிலா ஊட்டியோட 643001 இருந்துச்சு, ஒரே ஒரு நம்பர்தான். உங்களுக்கு 643217னு இருக்கணும். சந்தா முடியுற மாசமும் சில பத்திரிகையில அந்த லேபிள்லயே இருக்கும், அதையும் பாருங்க. எஸ்டேட் லைன் வீடுன்னா ஆயர்கிட்ட சொல்லி சர்ச் அட்ரஸுக்கே கட்டா வரவச்சிடுங்க, ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு கையில வாங்கிக்கலாம், மழையில நனையாது.

ஆயுள் சந்தா வேணாம்னுதான் சொல்லுவேன், பேப்பர் வெல ஏற ஏற அவங்களுக்குத்தான் பாரம், வருஷா வருஷம் கட்டுங்க. ரசீது பத்திரம், ஆனா சந்தா புக்கோட வெலதான், நன்கொடைன்னு வரிவிலக்கு கேக்க முடியாது.

எங்க அம்மா லென்ஸ் வச்சு ஒவ்வொரு வரியா விரல் ஓட்டிப் படிப்பாங்க. உங்க அம்மாவும் காத்துட்டிருப்பாங்க, நாளைக்கே பத்திரிகை ஆபீஸுக்கு ரசீது நம்பரோட போன் பண்ணுங்க, விட்டுப்போன மூணு இதழையும் சேத்துக் கேளுங்க.