பிரசவத்துக்கு இடுப்பு வலி வரவைக்கக் கொடுக்கும் நாட்டு மருந்துகளைச் சோதித்திருக்கிறார்களா? என் தங்கைக்குக் கொடுக்கலாமா?

சோதித்திருக்கிறார்கள். சில மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. அதனால்தான் வீட்டில் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

எனக்கு ஊர் வேலூர் மாவட்டம், ஒடுகத்தூர் பக்கம். எங்கள் ஆயா (பாட்டி) மருத்துவச்சி. வலி மந்தமாக இருந்தால் கலப்பைக் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் பூசுவார். குழந்தை வெளியே வந்ததும் வெந்நீரில் துணியை நனைத்து அந்தப் பூச்சைத் துடைத்தெடுத்துவிடுவார். அரைத்த அம்மியை மூன்று முறை கழுவுவார், பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டார். செங்காந்தள் கொடியின் கிழங்கு அது. அதில் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அந்தப் பெயரெல்லாம் தெரியாமலே ஆயா அவ்வளவு கவனமாக இருந்ததை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

சோதனை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது காங்கோ. லோரென்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர் 1960-களில் அங்கே செஞ்சிலுவைப் பணியில் இருந்தபோது, பேறுகாலத்தில் பெண்கள் 'கலட்டா கலட்டா' என்ற செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைப் பார்த்தார். செடியை ஊருக்குக் கொண்டுபோய் ஆராய்ந்ததில், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் சிறு புரதம் ஒன்று கிடைத்தது. கொதித்தால் புரதம் கெட்டுப்போகுமே, இது எப்படித் தாங்கியது? 29 அமினோ அமிலங்கள் முனையே இல்லாத வளையமாகக் கோத்து, உள்ளே முடிச்சுப் போட்டதுபோல் பிணைந்து நிற்பதுதான் காரணம் என்பது 1995-இல்தான் தெரிந்தது.

நம் வீட்டு விளக்கெண்ணெயும் அப்படித்தான். அதிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலிக் அமிலம், குடலிலும் கர்ப்பப்பையிலும் உள்ள ஒரே வகை ஏற்பியை (செல்லுக்கு வரும் சமிக்ஞையை வாங்கும் புரதம்) தூண்டுகிறது. 2012-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குப் பேதியும் ஆகவில்லை, கர்ப்பப்பையும் சுருங்கவில்லை.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் வலி வரவைக்க டிரிப்ஸ் போட்டால் சொட்டுகளை எண்ணி ஏற்றுவார்கள். வலி விடாமல் வந்து குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால் உடனே நிறுத்திவிடலாம். குடித்த கஷாயத்தை எப்படி நிறுத்துவது? மண்ணுக்கு மண், செடிக்குச் செடி வீரியமும் மாறும். முன்பு சிசேரியன் ஆனவர் என்றால் பழைய தையல் பிரியும் ஆபத்தும் இருக்கிறது.

ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், திட்டுவார்களே என்று பயப்படாமல் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பிரசவ வார்டு நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் மேலே டிரிப்ஸ் போட்டால் இரண்டும் சேர்ந்து வலி எல்லை மீறிவிடக்கூடும்.