கதைக்குள் எழுத்தாளன் தலையை நீட்டலாமா?

கேள்வி: நாவல் எழுதுகிறேன். ஒரு அத்தியாயத்தில் எழுத்தாளனே உள்ளே வந்து கதாநாயகியோடு சண்டை போடுகிறான். "பின்நவீனத்துவம் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, வெட்டு" என்கிறார் பேராசிரியர். இன்றைய புனைகதை நிஜமாகவே அதைத் தாண்டிவிட்டதா? அந்த அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, பேராசிரியர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 'இது வெறும் கதைதான்' என்று கதையே காட்டிக்கொடுப்பதும், எதையும் கிண்டலாகப் பார்ப்பதும்தானே பின்நவீனத்துவம். கிண்டலை டிவி விளம்பரமே எடுத்துக்கொண்டுவிட்டது, இனி மனசுவிட்டு நேராகப் பேசுகிறவன்தான் கலகக்காரனாக இருப்பான் என்கிற மாதிரி அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1993-லேயே எழுதினார். 2010-ல் வெர்மியூலன், வான் டென் அக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கிண்டலுக்கும் நம்பிக்கைக்கும் நடுவே ஊஞ்சலாடுகிற இந்த மனநிலையை மெட்டாமாடர்னிசம் என்றார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நம்ம பக்கம் ஒரு கோயில் கொடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கதை ஓடிக்கொண்டிருக்கும். பாட்டை நடத்துகிற அண்ணாவி, வில்லைத் தட்டுகிற வீசுகோலை நிறுத்திவிட்டு, வரி கொடுக்காதவர்களைச் சாடையாகக் குத்துவார், குடம் அடிக்கிறவரை வம்புக்கு இழுப்பார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட மறந்தால் அதற்கும் ஒரு ஏச்சு. அப்புறம் மாடன் பிறக்கிற இடம் வரும், உடுக்கை வேகம் கூடும், சாமியாடிக்கு அருள் வந்துவிடும், சற்றுமுன் வயிறு வலிக்கச் சிரித்த அதே சனம் எழுந்து கும்பிடும். சிரித்ததும் நிஜம், கும்பிட்டதும் நிஜம்.

1943-ல் கடவுளைப் பட்டணத்துக்கு இறக்கிக் கந்தசாமிப் பிள்ளை வீட்டில் தங்கவைத்த நம்ம புதுமைப்பித்தனுக்கும் இந்த ஊஞ்சல் தெரியும்.

அதனால், தாண்டினோம் என்பதைவிட செரித்துவிட்டோம் என்பேன். தொண்ணூறுகளில் நிறப்பிரிகை போன்ற சிற்றிதழ்களில் பின்நவீனத்துவத்தைப் படித்துவிட்டு டீக்கடையில் நாங்கள் கட்டிப்புரளாத குறைதான். 'நான்-லீனியர்' என்று யாராவது சொன்னாலே ஒரு மரியாதை. இப்போது முன்னும் பின்னுமாக ஓடுகிற சினிமாவை எங்கள் ஆச்சியே விளக்கம் கேட்காமல் பார்க்கிறாள். வித்தைக்காகவே கைதட்டு வாங்கிய பவிசு போய்விட்டது, அவ்வளவுதான்.

அத்தியாயத்தை வெட்டாதீர்கள். ஆனால் படித்தேன், எழுத்தாளன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை என்கிறீர்களே, அவள் திருப்பி என்ன ஏசினாள்?