மேலிடத்துக் கெடுபிடியும் தொழில் சட்டமும்: கேள்வி பதில்

இலங்கையின் ஹட்டனில் 22 ஆண்டுகளாகத் தொழிற்சங்கப் பிரதிநிதியாக, வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் ஆஜராகி வருகிறேன். தேயிலைப் பெருந்தோட்டக் கம்பனிகளின் மேலதிகாரிகளால் துன்புறுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

புதிய பொது முகாமையாளர் கூட்டந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் என்னை ஏசுகிறார். நேற்று இராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சிட்டு மேசையில் வைத்தார். கையொப்பமிட்டால் நல்ல சான்றிதழ் தருவாராம். (காரியாலய ஊழியர், நுவரெலியா)

கையொப்பமிடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டுமானால், அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ பெற வேண்டும். அந்த அனுமதியைக் கேட்டு நிற்கும் சிரமம் வேண்டாமென்றுதான் உங்கள் கையாலேயே விலகல் கடிதம் வாங்கப் பார்க்கிறார்கள்.

தோட்டக் காரியாலயமொன்றில் பணிபுரிந்த சகோதரி ஒருவரிடம், மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவைத்து இப்படித்தான் எழுதி வாங்கினார்கள். மறுநாள் காலை தபாலகம் திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்று, நேற்றைய கடிதம் தமது விருப்பத்துடன் எழுதப்பட்டதன்று என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினார். விசாரணையில் கம்பனி தரப்பு மூன்று சாட்சிகளை அழைத்து வந்தபோதும், விரல் நீளமுள்ள அந்தப் பற்றுச்சீட்டின் நாள் முத்திரைக்கு முன் அவர்களின் பேச்சு எடுபடவில்லை; சகோதரிக்கு நஷ்டஈடு கிடைத்தது.

நான் உதவி முகாமையாளர். கொழுந்து குறைந்தால் தோட்ட முகாமையாளரான பெரிய துரை இரவு பதினொரு மணிக்கும் தொலைபேசியில் தகாத சொற்களால் ஏசுகிறார். என்னை நிறுத்தினால், எங்கள் தரத்தினர் தொழில் நியாய சபைக்குப் போக முடியுமா?

முடியும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், எந்தத் தரத்தில் வேலை செய்பவரையும் தொழிலாளி என்றே கொள்கிறது. வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இப்போதே ஒவ்வொரு அழைப்பின் நாளையும் நேரத்தையும் சொற்களையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

உதவி முகாமையாளரான சின்னதுரைக்கு நீங்கள் ஏன் வழி சொல்கிறீர்கள், ஐயா? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எங்களை அதே சொற்களால் ஏசுவது அவர்தானே! (கொழுந்து பறிப்பவர், பொகவந்தலாவ)

உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. ஆனாலும் அந்த ஏச்சு எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் ஒருவர் இவ்வளவு கொழுந்து வேண்டுமென்று ஓர் இலக்கத்தைக் குறித்து அனுப்புகிறார். அது பெரிய துரை, சின்னதுரை, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை என்று படியிறங்கி, கொழுந்து நிறுக்கும் தராசடியில் உங்கள் தலையில் வந்து விழுகிறது. இடையில் நிற்பவர் தமக்கு நேர்ந்ததைச் சாட்சியாக எழுதிவைத்தால், மேலே இருப்பவரைப் பதில் சொல்ல வைக்க முடியும். அதற்காக அவர் உங்களை ஏசியது மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சங்கத்தின் தோட்டத் தலைவர் மூலம் எழுத்தில் முறையிடுங்கள்.

துரை என்றால் அப்படித்தான். தாத்தா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். இதையெல்லாம் சட்டத்தால் மாற்ற முடியாது. (ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

இதை நான் ஏற்கமாட்டேன். கடன் தொகை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த துண்டு முறையும் மாற்ற முடியாத வழக்கமென்றே எண்ணப்பட்டது. அது 1921இல் சட்டத்தாலேயே ஒழிந்தது. உங்கள் தாத்தா பட்டதை உங்கள் பேரனும் படவேண்டும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இராஜினாமாவில் கையொப்பமிட்டுவிட்டேன். (மூவர்)

முதல் பதிலைப் படியுங்கள். இன்றே பதிவுத்தபால் அனுப்புங்கள்.

நான்கு ஆண்டு எட்டு மாதம் முடிந்துவிட்டது. இனித் தாங்க முடியாது. விலகினால் பணிக்கொடை கிடைக்குமா?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். உடல்நிலை இடங்கொடுத்தால் இன்னும் நான்கு மாதம் இருங்கள். உறக்கமே இல்லையென்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சேமலாப நிதியைக் கம்பனி நிறுத்திவைக்குமா? (ஐவர்)

முடியாது.

தொழிற்சாலை அதிகாரி ஒருவர் தொட்டுப் பேசுகிறார்.

இது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கம்பனியின் விசாரணை முடியட்டும் என்று காத்திராமல் பொலிஸில் முறையிடுங்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இராஜினாமாவை மறுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள். கடிதத்தைப் பதிவுத்தபாலிலேயே அனுப்புங்கள். பற்றுச்சீட்டை வீட்டில் வைத்திருங்கள், காரியாலய லாச்சியில் வைக்காதீர்கள்.