பழைய கணினி காவலுக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் எட்டு விண்டோஸ் கணினிகள் உள்ளன. ஈப்போவில் இருக்கும் கணக்காளர் சம்பளக் கணக்கைப் பார்க்க, தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைகிறார். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, இணையத்திலிருந்து வருவதைத் தடுத்துக் காக்கும் ஃபயர்வாலாக வைத்தால் போதுமா?
— தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: வைக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. அந்தக் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். ஒன்றை இணைய ரூட்டருடனும் மற்றொன்றை அலுவலகச் சுவிட்சுடனும் இணைத்து, வெளியிலிருந்து தானாக வரும் எதையும் மறுத்து, உள்ளிருந்து தொடங்கிய தொடர்புகளுக்கான பதில்களை மட்டும் அனுமதிக்குமாறு, லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் விதி எழுதுங்கள். ரூட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதில் இணைபவர் இந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது கணக்காளர் நுழையும் வழிதான். ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389ஆம் போர்ட் (கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) இணையத்தில் திறந்து கிடந்தால், கடவுச்சொல்லை ஓயாமல் ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் அதைத் தேடி வந்துவிடும். அதை மூடிவிட்டு, அதே லினக்ஸ் கணினியில் வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் வழியே மறையாக்கம் செய்த தனிப் பாதை) அமைத்துக் கொடுங்கள். அதற்கு ஒரே ஒரு யுடிபி போர்ட் திறந்திருந்தால் போதும். உள்ளே வந்த பிறகும் அவர் சம்பளக் கணினியை மட்டுமே எட்டும்படி விதியை இறுக்கலாம்.

ஒரே சுவிட்சில் உள்ள கணினிகள் தமக்குள் பேசுவதை இந்த ஃபயர்வால் பார்ப்பதே இல்லை. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சுநிரல், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் போர்ட் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆகவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்ற சாக்கில் விண்டோஸின் சொந்த ஃபயர்வாலை யாரும் அணைக்கவும் விடாதீர்கள்.