கீமோ மருந்து எத்தின நாள் உடம்புக்குள்ள நிக்கும்?

கேள்வி: அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில முதல் கீமோ போட்டு களுவாஞ்சிகுடிக்கு கூட்டி வந்தம். டொக்சோரூபிசின், சைக்குளோபொஸ்பமைட் எண்டு கொப்பியில இருக்கு. அண்டைக்கு சலம் சிவப்பா போச்சு, பயந்துட்டம். இப்ப 8 நாள், நல்லா இருக்கிறா. மிச்ச மருந்து கழிய முள்ளு அன்னமுன்னா இலை அவிச்சுக் குடுக்கச் சொல்றாங்க, குடுக்கலாமா? பேரப்பிள்ளைய தூக்கலாமா?

பதில்: தங்கச்சி, அது ரத்தம் இல்ல, டொக்சோரூபிசின்ட நிறமே சிவப்புத்தான், ஒண்டு ரெண்டு நாள் சலத்தில அப்பிடித்தான் போகும். அதுக்குப் பிறகும் சிவப்பா போனா, எரிவு இருந்தா, உடன காட்டணும், ஏனெண்டா சைக்குளோபொஸ்பமைட்ட ஈரல்தான் வேலை செய்யிற மருந்தா மாத்துது, அப்ப வாற கழிவு ஒண்டு சலப்பைய அரிக்கும். தண்ணி நிறைய குடிக்கச் சொல்றது அதுக்குத்தான்.

மருந்து பெரும்பாலும் முதல் சில நாளுக்குள்ளயே ஈரலாலயும் சலத்தாலயும் போயிரும், இப்ப கழுவி எடுக்க பெரிசா ஒண்டும் மிச்சமில்ல. இலைத்தண்ணி வேணாம். அடுத்த ஊசி ஏறேக்க ஈரல் நல்லா இருக்கணும், அது என்ன செய்யும் எண்டு தெரியாத ஒண்ட அதுக்குள்ள ஊத்தாதீங்க.

எனக்கு இப்ப யோசனை அம்மாட 8ஆம் நாள்தான். மருந்து போயிட்டு, ஆனா அது செஞ்ச வேலை இனித்தான் தெரியும். கீமோ வேகமாப் பெருகிற செல்லையெல்லாம் அடிக்கும், புற்றுநோய் செல்லோட ரத்த அணு உண்டாகிற எலும்பு மச்சையும் முடி வேரும் வாய்த்தோலும் சேந்து அடிபடும். ஏற்கனவே ரத்தத்தில ஓடின வெள்ளணு கொஞ்ச நாள் சமாளிச்சு முடிஞ்சிரும், புதுசு வரப் பிந்தும், அதால 10 தொடக்கம் 14ஆம் நாள் வரைக்கும் கிருமியோட சண்டை பிடிக்க ஆளில்லாத மாதிரி. மச்சை தேறி வரத்தான் பொதுவா 3 கிழமை இடைவெளி விடுறது.

பாமசியில ஒரு தேமோமீற்றர் வாங்குங்க. 100.4 பரனைட் காட்டினா, இல்லாட்டி குளிர்ந்து நடுங்கினா, ராத்திரி 2 மணியா இருந்தாலும் 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, வாசல்லயே கீமோ போட்ட ஆள் எண்டு சொல்லுங்க. பனடோல் குடுத்து விடியும் வரை பாக்காதீங்க, அது சூட்ட மறைச்சிரும், உள்ள கிருமி ஏறிட்டே இருக்கும்.

பேரப்பிள்ளைய தாராளமா தூக்கட்டும், அம்மாக்கும் அது வேணும். பிள்ளைக்கு தடிமன், காய்ச்சல் எண்டா மட்டும் சுகமாகும் வரைக்கும் விலக்கி வைங்க.